எல்எல்பி முடித்தாயிற்று, அடுத்து?

அன்புள்ள ஐயா,

என் மகள் டர்பனில் எல்எல்பி முடித்து ஒரு வருடமாகிறது. ஆர்டிகிள்ஸ், அதாவது வக்கீலிடம் வேலை பழகும் பயிற்சி, கேட்டு எழுதாத வக்கீல் ஆபீஸ் இல்லை. பாதிப்பேர் பதில்கூடப் போடுவதில்லை. வீட்டில் சும்மா இருக்காமல் எல்எல்எம் படிக்கட்டுமா? "அப்போதே டாக்டருக்குப் படிக்க வைத்திருக்கலாம்" என்று என் மைத்துனர் குத்திக்கொண்டே இருக்கிறார்.

ஆர்., சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள ஆர்.,

எல்எல்எம் இப்போது வேண்டாம். நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டம் மட்டும் இங்கே யாரையும் அட்டர்னி ஆக்குவதில்லை. அட்டர்னி ஒருவரிடம் இரண்டு வருடம் ஆர்டிகிள்ஸ் செய்து, போர்டு தேர்வும் தேற வேண்டும். பல்கலைக்கழகங்கள் வருடந்தோறும் பட்டம் கொடுக்கின்றன; ஆர்டிகிள்ஸ் இடமோ பெரும்பாலும் தனியார் கையில். கையில் கேஸ் இருந்தால்தான் ஆள் எடுப்பார்கள். 2020இல், விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசின் சாலை விபத்து நிதியம் தன் வெளி வக்கீல்களைக் கைவிட்டபோது, அந்த வருமானத்தையே நம்பியிருந்த ஆபீஸ்கள் ஆடிப்போயின. அடைப்பு அங்கே இருக்க, இன்னொரு பட்டம் என்ன செய்யும்?

எல்எல்எம்முக்குக் கட்டும் பணத்தில் முதலில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். "லைசென்ஸ், சொந்தக் கார் அவசியம்" என்று எத்தனை விளம்பரங்களில் போடுகிறார்கள், பாருங்கள். காலையில் வெருலம் கோர்ட்டில் காகிதம் தாக்கல் செய்துவிட்டு, அப்படியே பைன்டவுனுக்கு ஓடி வாய்தா வாங்க வேண்டும். ஆள் நிரம்பும்வரை கிளம்பாத மினிபஸ் டாக்சியை நம்பி இது நடக்குமா? கார் இல்லாத வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே கழித்துக்கட்டுவது அநியாயம்தான். அதற்காகச் சண்டை போடலாம், ஆனால் இடம் கிடைத்த பிறகு.

அப்புறம், ஆறு மாத முழுநேரச் சட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. அதை முடித்தால் ஆர்டிகிள்ஸ் ஒரு வருடமாகக் குறையும். வசதியில்லாதவர்களுக்கு வழக்காடும் அரசு அமைப்பான லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்காவும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. சின்ன கேஸ்தானே என்று ஒதுக்க வேண்டாம், கோர்ட் பழக்கம் அங்கேதான் வரும். "சம்பளம் அப்புறம் பார்க்கலாம், முதலில் வந்து வேலை செய்" என்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. ஒப்பந்தம், வக்கீல் தொழிலைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவாகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவே செய்யாமல் உழைத்த மாதங்கள் கணக்கில் சேராது.

மைத்துனருக்கு ஒரு வார்த்தை: பணியிடங்களுக்குப் பணமில்லை என்று அரசு கைவிரித்ததால், சமீப வருடங்களில் இங்கே படித்து முடித்த டாக்டர்களும் வேலையில்லாமல் நிற்கிறார்கள்.