அப்பாவின் முதுகு

அன்புள்ள ஐயா,

ஒசாகாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். நவம்பரில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கினோசாகியில், ஊற்றோடு கூடிய ஒரு பழைய ரியோகானில் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) ஓர் இரவு தங்கவைக்க ஆசை. ஆனால் பொதுக்குளியலில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? அப்பா முன்னால் எப்படி? அறையோடு தனித் தொட்டி உள்ள விடுதிகள் உண்டு, வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொடுக்கலாமா? அப்பா சைவம், கொஞ்சம் ரத்த அழுத்தமும் உண்டு. இணையத்தில் மதிப்புரைகளைப் படித்துப் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுவோம். சைவம் என்பதை விடுதியில் போய் இறங்கிய பிறகு சொல்லாதீர்கள். அங்கே மிசோ சூப்பில் மட்டுமல்ல, அவித்த கீரையில்கூட மீன் வாசனை இருக்கும். காய்ந்த மீனில் இறக்கிய தாஷி என்ற சாறு இல்லாமல் அவர்களுக்குச் சமையலே ஓடாது. அறை பதியும்போதே கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். நவம்பர் 6-ஆம் தேதி அந்தக் கடற்கரையில் நண்டுப் பருவம் வேறு தொடங்குகிறது. ஊரே நண்டு மணக்கும், வாடகையும் ஏறும். அதற்குள் போய்வந்துவிடுங்கள். மதிப்புரைகளை இன்றோடு நிறுத்துங்கள். பெற்ற அப்பாவை எங்கே கூட்டிப்போவது என்று முன்பின் தெரியாதவனிடமா கேட்பது? (நானும் அப்படி ஒருவன்தான் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.)

தனித் தொட்டிக்கு வருகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் எதுவென்று தெரிந்துதான் இதைக் கேட்கிறீர்களா? கினோசாகிக்காரர்கள் தங்கள் ஊர் முழுவதையும் ஒரே விடுதி என்பார்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், ரியோகான்கள் அறைகள், ஊரிலுள்ள பொதுக்குளியல் கூடங்கள்தான் குளியலறை. சாயங்காலமானால் யுகாத்தா என்ற பருத்தி அங்கியும் மரச்செருப்புமாக வில்லோ மரங்கள் நிற்கும் ஓடைக்கரையில் டக் டக்கென்று ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். 1925-இல் நிலநடுக்கமும் அதோடு வந்த தீயும் ஊரைத் தின்றுவிட்டன. திரும்பக் கட்டும்போது ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே ஊற்று நீரில் தொட்டி அமைத்தது. ஊர் கொதித்துவிட்டது. தண்ணீர் எல்லோருக்கும் பொது, நீ எப்படிச் சுவருக்குள் வைத்துக்கொள்வாய் என்று வழக்கு. நம்மூர் வரப்புத் தகராறு போல இழுத்து இழுத்து, 1950-இல்தான் சமரசம் ஆனது. விடுதிக்குள் தொட்டி இருக்கட்டும், ஆனால் சின்னதாக இருக்கட்டும் என்று. எந்தச் சுவருக்காக அந்த ஊர் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்ததோ, அந்தச் சுவருக்குத்தான் நீங்கள் இரட்டை வாடகை தரக் கிளம்பியிருக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் அங்கே போயிருந்தேன். இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு, ஊரே என்னைப் பார்ப்பதாக நினைத்து, மூலையில் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்தேன். தொட்டியில் இறங்குமுன் உட்கார்ந்தபடியே சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும், அழுக்கோடு தண்ணீரைத் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு கிழவர், எண்பது இருக்கும். பின்னால் ஐம்பது வயது மகன். சின்னத் துண்டைச் சுருட்டி நுரை பண்ணி, கழுத்திலிருந்து தண்டுவடம் வழியாக மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். கிழவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தார். ஒரு வார்த்தை பேச்சில்லை. வாளித் தண்ணீரில் தன் கையை விட்டுப் பார்த்து, பிறகுதான் அவர் முதுகில் ஊற்றினான். முடிந்ததும் கிழவர் ஏதோ முனகினார். மகன் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தான். இப்போது அவர் முறை. நடுங்கும் கை மகனின் பாதி முதுகு வரைதான் எட்டியது. மேல்பாதி நுரையில்லாமலே இருந்தது. எழுந்து போகும்போது மகன் இரண்டு முக்காலிகளையும் கழுவி, வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

என் அப்பா சனிக்கிழமைதோறும் கொல்லைப்புறக் கல்லில் உட்காரவைத்து எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அவர் இடுப்பில் ஒரு கோமணம், எனக்கு அதுவும் கிடையாது. ஒன்பது வயதிலோ பத்து வயதிலோ அது நின்றது. ஏன் நின்றது என்று ஞாபகமில்லை, ஒரு சனிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. அப்புறம் அவர் முதுகை நான் பார்த்தது முப்பத்தைந்து வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஈரத்துணியால் துடைத்துவிடும்போது. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு, விரல் நீளம். என்ன காயம் என்று கேட்டால் சொல்லும் நிலையில் அவர் இல்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

நான் கினோசாகி போனது அதற்கு மறு வருடம்.

கூச்சம் என்று எழுதுகிறீர்கள். ஆற்றில் குளித்து வளர்ந்த தலைமுறை ஐயா உங்கள் அப்பா. அவருக்குக் கூச்சம் இருந்தாலும் கால் மணி நேரத்தில் வடிந்துவிடும். உங்களுக்குத்தான் வடியாது, அதை அவர் தலையில் கட்டாதீர்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நடக்கும்போது சின்னத் துண்டை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், தண்ணீருக்குள் இறங்கியதும் அது மடித்துத் தலைமேல் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மா விஷயம் வேறு. மொழி தெரியாமல் பெண்கள் பக்கம் அவர் தனியாகத் திகைத்து நிற்க வேண்டாம். பல விடுதிகளில் மணிக்கணக்கில் தனித் தொட்டி தருவார்கள், அவருக்கு அதை எடுத்துக்கொடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மருத்துவரைக் கேளுங்கள், எழுத்தாளனை அல்ல. தண்ணீர் நாற்பது டிகிரிக்கு மேலேயே இருக்கும். சாப்பிட்ட உடனே வேண்டாம். முதலில் காலில் ஊற்றி, மெல்ல மெல்ல மேலே வரட்டும். சில நிமிடங்கள் போதும். எழுந்திருக்கும்போது தலை சுற்றலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யுகாத்தா. நம் சட்டை மாதிரிதான், இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. அப்பாவுக்குத் தெரியாது, நீங்களே கட்டிவிடுங்கள்.