குரலில் குறையில்லை

கேள்வி: சிலர் மேடையேறினால் சபையே கட்டுண்டு போகிறது. விவேகானந்தர் இரண்டே சொல்லில் சிக்காகோ சபையை எழுந்து நிற்க வைத்தார் என்கிறார்கள். எனக்குக் கணீரென்ற குரல். தமிழும் சுத்தமாக வரும். ஒலிவாங்கியைக் கண்டு பயமும் இல்லை. ஆனாலும் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சனம் கைபேசியை எடுத்துவிடுகிறது. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லையா, அல்லது அந்த வசியம் பிறவியிலேயே வரவேண்டியதா? அடுத்த மாதம் ஒரு நூல் வெளியீட்டில் நயவுரைக்கு அழைத்திருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது வழி சொல்லுங்கள்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தில் குரல் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. என்ன பேசினீர்கள், யாருக்குப் பேசினீர்கள் என்பதைத்தான் காணவில்லை. கைபேசி வெளியே வந்த காரணத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

குரல்தான் வசியம் என்றால் இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் கூட்டத்துக்கு ஒருவரும் போயிருக்கக் கூடாது. மெலிந்த குரல், காதும் மந்தம், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வேறு. முழங்குவதற்குக் கட்சியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதிலிருந்து 1977இல் மறையும்வரை அவர் வாயைத் திறந்தால் சனம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அவருடைய அரசியலை ஏற்பதும் ஏற்காததும் வேறு கதை. இந்த மனிதர் இன்று என்ன சொல்லப் போகிறார் என்று அறியத்தான் கூட்டம் வந்தது. எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வரவில்லை.

நமது மேடைப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். கோயில்களில் புராண படனம் என்று ஒன்று உண்டு. ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார், அதாவது பாட்டுக்குப் பொருள் விரிப்பார். கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும். கேட்பதே புண்ணியம் என்று நினைப்பதால் தூங்கி விழுந்தாலும் எழுந்து போகமாட்டார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. வடிவத்தை அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்றால், தான் எதிர்த்து நின்ற பாதிரிமாரிடமிருந்தே. மெதடிஸ்தப் பாடசாலையில் படித்து, அங்கேயே பேர்சிவல் பாதிரியாரோடு வேலையும் செய்தவருக்கு, தேவாலயத்துப் பிரசங்கியார் சனத்தை நேரே பார்த்து “உனக்குத்தான் சொல்கிறேன்” என்கிற தோரணையில் பேசுவதன் பலம் தெரிந்திருந்தது. பாட்டுக்கு உரை சொல்வதை விட்டு, எதிரே இருப்பவனின் நடத்தைக்கு உரை சொல்லத் தொடங்கினார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தால் யாருக்கு நித்திரை வரும்?

நம்மில் பாதிப் பேர் இன்னும் பயன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதைக் கேட்டால் புண்ணியம் என்ற நம்பிக்கைதான் சபையிடம் இப்போது இல்லை.

விவேகானந்தருக்கு வருவோம். அந்த இரண்டு சொற்களை, சகோதரிகளே சகோதரர்களே என்பதை, இங்கே எல்லா மேடையிலும்தான் சொல்கிறார்கள். எவரும் எழுந்து நின்றதை நான் கண்டதில்லை. நீங்கள் சிக்காகோவரை போயிருக்கத் தேவையில்லை. மேற்கிலிருந்து திரும்பிய அவர் கிழக்கில் முதலாவதாகப் பேசியது கொழும்பில்தான், 1897 ஜனவரி 16ஆம் திகதி, ஃபுளோரல் மண்டபத்தில். கூடவே வந்த குட்வின் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டதால் பேச்சு அச்சில் இருக்கிறது. பாரதம் புண்ணிய பூமி என்று எல்லாரையும்போலத் தானும் நம்பியிருந்ததாகவும், இப்போது அது உண்மையென்றே உறுதியாகச் சொல்ல முடிவதாகவும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எத்தனையோ தடவை கேட்ட விடயம்தான். ஆனால் ஊரெல்லாம் சுற்றி, பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிறார். வேறு யாரும் அன்று அந்த மேடையில் நின்று அதைச் சொல்லியிருக்க முடியாது. உங்கள் பேச்சில் உங்களால் மட்டும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாவது இருந்ததா?

பொறுமை இல்லாத காலம் என்கிறீர்கள். கொழும்புக் கம்பன் விழாவுக்குப் போய்ப் பாருங்கள், இதே சனம்தான் மணிக்கணக்காகக் கதிரையில் இருக்கிறது. பட்டிமண்டபத்தில் ஒருவர் ஒரு வாதத்தை வைத்துவிட்டுப் போய் அமர்ந்தால், மற்ற அணி இதற்கு என்ன சொல்லப்போகிறது என்ற ஆவல் கேட்பவரைப் பிடித்து வைக்கிறது. அந்த ஆவல் தனியாகப் பேசுகிறவருக்கும் வேண்டும். கேள்வியை எழுப்பிவிட்டுப் பதிலைக் கொஞ்சம் தாமதியுங்கள். நாமோ முதல் நிமிடத்திலேயே “இது ஒரு காலத்தின் கண்ணாடி” என்று தீர்ப்பை வாசித்துவிடுகிறோம். பிறகு எதற்குச் சனம் இருக்க வேண்டும்?

பிறவிக் கொடை சிலருக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. நகைச்சுவை அப்படித்தான். வராதவர் முயலாமல் இருப்பது சபைக்குச் செய்யும் உதவி.

வள்ளுவர் அவையறிதலை முதலில் வைத்து, அவையஞ்சாமையை அதற்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். நீங்கள் இரண்டாவதில் சித்தியெய்திவிட்டு முதலாவதைத் தொடவே இல்லை. உங்கள் அவை யார்? வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி வந்தவர், கொட்டாஞ்சேனையிலிருந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தாய், நூலாசிரியரின் சொந்தக்காரர், திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கும் மலையகத்துப் பையன். விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை எல்லாவற்றையும் தாங்கிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு மறுபடியும் “பெருமதிப்புக்குரிய” என்று தொடங்கி மேடையிலுள்ள அத்தனை பேரின் பட்டங்களையும் சொல்கிறீர்களா? அது அழைப்பிதழிலேயே இருக்கிறது. “எல்லோருக்கும் வணக்கம்” போதும், அந்த நேரத்துக்குள் கைபேசி வெளியே வந்திருக்காது.

சரி, அடுத்த மாதத்துக்கு வருவோம். முதல் வேலை, நூலை முழுதாக வாசியுங்கள். சிரிக்காதீர்கள், முன்னுரையையும் பின்னட்டையையும் மட்டும் மேய்ந்துவிட்டு வருகிற நயவுரைகாரர்களைச் சபை நொடியில் கண்டுபிடித்துவிடும். உங்களை நிறுத்தி வைத்த ஒரு பக்கத்தை எடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஓரிடத்தையும் எடுங்கள், நூலாசிரியர் முகம் கொஞ்சம் வாடினாலும் பரவாயில்லை. வீட்டில் உரக்கச் சொல்லிக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். உங்களுக்கே எங்கே அலுக்கிறதோ அங்கே வெட்டுங்கள். மேடையில் உங்களுக்கு முன் பேசுகிறவர்களைக் கவனித்துக் கேளுங்கள். அவர்கள் சொல்லிவிட்டதை உங்கள் தாளில் பேனாவால் கோடிழுத்து விடுங்கள். கடைசியில் இரண்டு நிமிடத்துக்குத்தான் விடயம் மிஞ்சுகிறது என்றால் இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.