இரண்டு தட்டு எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. இப்போதே கட்டுப்படுத்தினால்தான் நாளைக்கு வரன் பார்க்கும்போது சிரமம் இருக்காது என்று, வாராவாரம் அவளுக்காகச் சர்க்கரை சேர்க்காத பிரவுனி செய்கிறேன். சீனித்துளசிப் பொடி, சுக்ரலோஸ், எரித்ரிட்டால் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமுறை தவிடு போல உதிர்கிறது, இன்னொரு முறை நாக்கில் கற்பூரம் வைத்தது போலச் சில்லென்கிறது. ஓவனில் கோளாறு இல்லை. 13 வயது மகனுக்கு 150 கிராம் வெண்ணெயும் 200 கிராம் சர்க்கரையும் போட்டுத் தனியாகச் செய்யும் தட்டு அருமையாக வருகிறது. மகளுக்கு எந்த இனிப்பை எவ்வளவு போட வேண்டும்?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் திட்டுவதற்கென்றே உட்கார்ந்தேன் என்பீர்கள்.

பிரவுனியில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மேலே பளபளவென்று மெல்லிய ஏடு கட்டுவதும் அதன் வேலை. சுக்ரலோஸ் சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. சிட்டிகை போட்டால் இனித்துவிடும், ஆனால் 200 கிராம் இருந்த இடம் காலியாகிவிடுகிறதே, அதனால்தான் தவிடு. சீனித்துளசிக்கும் அதே கதைதான். எரித்ரிட்டால் இடத்தை நிரப்பும். ஆனால் ஆறியதும் திரும்பப் படிகமாகி நறநறக்கும். கரையும்போது வாயின் சூட்டை இழுத்துக்கொள்வதால் அந்தச் சில்லிப்பு. எந்த அளவில் போட்டாலும் மகனுடைய தட்டு போல வராது. கலோரிக் கணக்கும் கேளுங்கள். 200 கிராம் சர்க்கரையை எடுத்தால் 800 கலோரி குறையும். 150 கிராம் வெண்ணெயில் 1,000 கலோரிக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, மைதா வேறு. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சுக்ரலோஸ், சீனித்துளசி போன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

இனி உங்கள் ஓவனுக்கு வருகிறேன். அது நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக, மகனுடைய தட்டைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். ஒரே சமையலறை, ஒரே நாள், இரண்டு தட்டு. வெண்ணெயும் சர்க்கரையும் உருகும் வாசனை அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மூக்குக்குப் போகாதா? சர்க்கரை கெடுதல் என்றால் பையனுக்கு மட்டும் எப்படி நல்லதாயிற்று? நீரிழிவு நோய் ஆணா பெண்ணா என்று பார்த்து வருவதில்லை. மகளுக்கு ஆகாது என்று மருத்துவர் யாராவது சொன்னாரா? சொல்லியிருந்தால் உங்கள் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் எழுதியதோ வரன்.

எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களிக்கு நடுவே குழி செய்து நெய் ஊற்றுவது அண்ணன்களுக்கு மட்டும்தான். எனக்குக் குழி உண்டு, அதில் வெறும் குழம்பு. பாட்டி என்னை வெறுக்கவில்லை, உங்களைப் போலவே என் நன்மைக்கென்று நினைத்தாள். 60 வயதிலும் அந்தக் குழி எனக்கு மறக்கவில்லை.

நம் பக்கத்துக்கு இதில் பழைய கடன் இருக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. மகளைப் படிக்க வைக்கிறீர்கள், அவளுக்காக மெனக்கெடுகிறீர்கள். ஆனாலும் உங்கள் வீட்டில் நல்லது பையனுக்கு, மாற்று பெண்ணுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரே பானையிலிருந்து போடுவது தாயின் கடமை. இதில் நான் இறங்கி வரமாட்டேன். பையனையும் கெடுக்கிறீர்கள். அக்காவுக்குக் கிடைக்காதது தனக்கு உரியது என்று 13 வயதில் பழகியவன், நாளை உங்கள் மருமகளிடம் என்ன கேட்பான்?

மாற்று இனிப்பு டப்பாக்களை எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரே தட்டு. சர்க்கரையை 150 கிராமாகக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. மைதாவில் பாதிக்குக் கேழ்வரகு மாவு போடுங்கள். கலோரி பெரிதாகக் குறையாது, நார்ச்சத்து கிடைக்கும், நம் ஊர் மாவு. எடைதான் கவலை என்றால் கோட்டை மலை ஊரிலேயே நிற்கிறது, ஞாயிறு காலையில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றி இறக்குங்கள்.

பிரவுனி ஆறியதும் துண்டு போடும் கத்தியை மகளிடம் கொடுங்கள். பழக்க தோஷத்தில் அவள் பெரிய துண்டைத் தம்பி பக்கம் தள்ளுவாள். நீங்கள் தட்டைத் திருப்பி வையுங்கள்.