பதில்: ஆஃபர் மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போகிறது

வணக்கம். விதைக் கடையின் 9,000 முகவரிகளுக்கும் ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் ஆடிப்பட்ட ஆஃபரை அனுப்பியதாகவும், அதிலிருந்து ஜிமெயிலில் எல்லாமே ஸ்பாமில் விழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தலைப்பு வரியை மாற்றிப் பயனில்லை. கோளாறு உங்கள் முகவரிப் பட்டியலில் இருக்கிறது.

முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள். ஜிமெயில் உங்கள் மெயிலை எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் உங்கள் டொமைனை (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) சேர்த்து, ஸ்பாம் புகார் விகிதத்தை, அதாவது எத்தனை பேர் அதை ஸ்பாம் என்று குறித்தார்கள் என்பதைப் பாருங்கள். 0.1 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 0.3-ஐத் தொடவே கூடாது. மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் அமைப்புகளான எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சரியா என்றும் பாருங்கள். ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இவை கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும்.

அடுத்தது பட்டியல். ஓராண்டுக்குள் வாங்கியவர்களையும் லிங்கைக் கிளிக் செய்தவர்களையும் தனியாக எடுங்கள். ஓபன் ரேட்டை (எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை) நம்ப வேண்டாம்: 2021-க்குப் பிறகு ஆப்பிள் மெயில், ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கித் திறந்ததாகக் காட்டிவிடுகிறது. தனியாக எடுத்தவர்களுக்கு மட்டும் தினம் 200, 300 என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். புகார் ஏறினால் அங்கேயே நில்லுங்கள்.

பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கு, அதன் பிறகு ஒரே ஒரு மெயில்: "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரு பொத்தானோடு. அழுத்தாதவர்களை நீக்கிவிடுங்கள், மனசு கேட்காதுதான். கண்காட்சி ஸ்டாலில் அனுமதி கேட்காமல் எழுதி வாங்கிய முகவரிகளுக்கு இதையும் அனுப்ப வேண்டாம்.

இனி எப்போதும் ஆஃபராகவே போகக் கூடாது. தக்காளி விதை வாங்கியவருக்கு மூன்று வாரம் கழித்து, "விதைத்து 25 நாள் ஆனால் நாற்றை எடுத்து நடலாம், மாலையில் நடுங்கள்" என்று நாலு வரி அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பதில் எழுதுவார்கள்.