டெங்கு என்று முகநூலில் எழுதினேன், என் போன் நம்பர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது

கேள்வி: எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். என் 9 வயது மகனுக்கு டெங்கு உறுதியானதும், பக்கத்துக் காலி மனையில் கிடக்கும் பழைய டயர்களைப் படம் எடுத்து, மகனின் லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்து முகநூலில் போட்டேன். இரண்டே நாளில் மாநகராட்சி ஆட்கள் வந்து மருந்து அடித்தார்கள், விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், டயர்களை மட்டும் இன்னும் யாரும் அள்ளவில்லை. மறுவாரம், மகன் பெயர், வயது, கதவு எண், என் போன் நம்பர் எல்லாம் இருக்கும் ஒரு பட்டியல் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதன் தலைப்பு ‘சமூக ஊடகக் கண்காணிப்பு’. போய்க் கேட்டால் “வதந்தி பரப்பினதா கேஸ் போடுவோம்” என்கிறார் ஒருவர். வீட்டு உரிமையாளரோ காலி செய்யச் சொல்கிறார். என் பதிவை அவர்கள் எடுத்தது சரியா? இப்போது அதை நீக்கிவிடட்டுமா?

பதில்: நீக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதில். பொதுவில் போட்ட பதிவை அரசு படித்ததில் சட்டப்படி தப்பு காட்டுவது கஷ்டம். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் 2008 முதலே டெல்லியில் ஒரு பிரிவு செய்தித்தாள், டிவி, இணையம் எல்லாவற்றையும் அலசி, “இந்த ஊரில் காய்ச்சல் என்று வந்திருக்கிறது, உண்மையா பாருங்கள்” என்று மாவட்டங்களுக்கு அனுப்பி வருகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தன் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3-ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, தொற்றுநோய்க் காலத்தில் சிகிச்சை, சுகாதாரச் சேவை தருவதற்காக ஒருவரின் விவரத்தைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த 7-ஆவது பிரிவு இடம் தருகிறது. இதில் ஒரு வேடிக்கை, இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் இன்னும் அமலுக்கே வரவில்லை. 2025 நவம்பரில்தான் விதிகளை அறிவித்தார்கள், அதிலும் 18 மாதம் அவகாசம் வைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டால் 2027 மே ஆகிறது.

ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேப் ரிப்போர்ட்டில் மகனின் பெயர், வயது, பிளேட்லெட் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன, போன் நம்பர் இல்லை. கதவு எண்ணும் இல்லை, பதிவில் நீங்கள் எழுதியது தெருப் பெயர் மட்டும். அப்படியென்றால் அந்த இரண்டும் வேறு எங்கிருந்தோ வந்தவை. வீட்டுக்கு வந்தவர்கள் எழுதிக்கொண்டு போன நோட்டிலிருந்தோ, டெங்கு உறுதியானதும் ஆஸ்பத்திரி சுகாதாரத் துறைக்கு அனுப்பிய தகவலிலிருந்தோ வந்திருக்கலாம். நீங்களே வெளியிட்டீர்கள் என்ற சாக்கு இவற்றுக்குச் செல்லாது. உங்கள் வழக்கு நிற்கப்போவது இந்த இடத்தில்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சியும் போகக்கூடாது. கொசு மருந்து அடிக்கப் போகிறவருக்குக் கதவு எண் தேவை, சரி. குரூப்பில் இருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் உங்கள் வீட்டு உரிமையாளருக்கும் உங்கள் கதவு எண்ணும் போன் நம்பரும் எதற்கு? கொரோனா நேரத்தில் கேரள அரசு நோயாளிகளின் விவரங்களை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்தபோது, ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அது நம் மாநில நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

கேஸ் போடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். பொய்த் தகவலால் பீதி கிளப்புவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 353-ஆவது பிரிவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் உண்மை என்று நம்பக் காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு சொன்னால் அது குற்றமாகாது என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. உங்கள் கையில் லேப் ரிப்போர்ட்டே இருக்கிறது, அப்புறம் என்ன? 2021 ஏப்ரல் 30 அன்று, ஆக்சிஜனும் படுக்கையும் கிடைக்காமல் மக்கள் சமூக ஊடகத்தில் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அப்படி எழுதுகிறவர்களை ஒடுக்கினால் நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்ததும் நினைவிருக்கட்டும்.

வீட்டு உரிமையாளர் விஷயம் சுலபம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் வெளியேற்றுவதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறது, காய்ச்சல் அதில் இல்லை. அவராகப் பூட்டுப் போட முடியாது, வாடகை நீதிமன்றம் போக வேண்டும். டெங்கு ஆளிடமிருந்து நேராக ஆளுக்கு ஒட்டாது, கொசுதான் கொண்டுபோகிறது என்பதையும் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் மட்டும் தனியாக எனக்கு எழுதுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பட்டியலை நீக்கவும், அதை அனுப்பியவர் மீது நடவடிக்கை எடுக்கவும் கேட்டு மாநகராட்சி ஆணையருக்கும் நகர்நல அலுவலருக்கும் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சமூக ஊடகத்தைக் கண்காணிக்க யாருக்கு உத்தரவு, தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் உண்டா, சேகரித்த விவரம் எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். அனுப்பிய ஊழியரின் சொந்த விவரத்தைக் கேட்காதீர்கள், 2025 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்தில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதை மறுப்பது ரொம்ப எளிதாகிவிட்டது. ஒரு மாதத்தில் அசைவு இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

பதிவை ஏன் நீக்க வேண்டாம் என்றால், நம்பரும் கதவு எண்ணும் அதில் இல்லை என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. தேதியும் இணைப்பும் தெரிகிற மாதிரி அதையும், குரூப்பில் வந்த பட்டியலையும் படம் எடுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், ஆகவே படம் எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். அதெல்லாம் முடிந்ததும் ரிப்போர்ட் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். டயர் படம் இருக்கட்டும், அந்த டயர்களை இன்னும் யாரும் அள்ளவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.