பல மதங்கள் வழியாகக் கடவுளைத் தேடியிருக்கிறீர்களா? என்ன புரிந்தது?

பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற பேச்சில் எனக்கிருந்த நம்பிக்கை போனது, அவ்வளவுதான்.

எனக்குப் பெருந்துறைப் பக்கம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மாவைப் பெற்ற அமுச்சி சொம்பில் தண்ணீரோடு, பொழுது சாயும் தொழுகை முடிகிற நேரம் பார்த்து என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவார். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவார்கள். திரும்பும் வழியில் மாரியம்மன் கோயில் திருநீறு. “எந்தச் சாமி அமுச்சி காச்சலை எடுத்துச்சு?” என்று ஒருமுறை கேட்டேன். “மாத்தரையுந்தான் போட்டமில்ல கண்ணு” என்றார்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது மதப் புத்தகங்களாகப் படித்து, ஒற்றுமைகளை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். பொய் சொல்லாதே, பசித்தவனுக்குச் சோறு போடு. இதற்கு இத்தனை படிப்பானேன், டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

விஜயமங்கலம் போன பிறகுதான் நோட்டை மூடினேன். கொங்குவேளிர் ‘பெருங்கதை’ காப்பியம் பாடிய ஊர் என்பார்கள். அங்கே சந்திரபிரப தீர்த்தங்கரருக்குப் பழைய சமணக் கோயில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் கைகூப்பி, வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. சமணத்தில் உலகத்தைப் படைத்த கடவுளே கிடையாது. தீர்த்தங்கரர் வினையை வென்று கரையேறியவர். விருப்பு வெறுப்பு இரண்டையும் விட்டவரிடம் போய் வேலை கேட்டால் எங்கிருந்து தருவார்? அதே கோயிலில், சாமுண்டராயரின் தங்கை உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதன் நினைவாக ஒரு தூண் உண்டு. சிரவணபெளகுளத்தில் கோமதேசுவரர் சிலையை எழுப்பிய அதே சாமுண்டராயர்தான். சோற்றையே வேண்டாமென்றவளின் தூணைத் தாண்டிப் போய்ச் சம்பளம் கேட்டிருக்கிறேன்!

அப்புறம் வேறுபாடுகளைத்தான் கவனித்தேன். குர்ஆனின் 112ஆம் அத்தியாயம், இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலிலோ, பிள்ளையைப் பெற்ற தாயின் முன்னால்தான் மெழுகுவத்தி எரிகிறது. எங்கள் குலசாமிக்குக் கிடாய் வேண்டும், தவறினால் கோபமும் வரும். இவற்றையெல்லாம் ஒன்றென்று சொல்லிவிட்டால், யார் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரக் கலெக்டர். பவானியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மன் சிறுமியாக வந்து எழுப்பி வெளியே கூட்டிவர, பின்னாலேயே பங்களா இடிந்து விழுந்தது என்பது கதை. 1804இல் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த தந்தக் கட்டில் சங்கமேசுவரர் கோயிலில் இருக்கிறது. வேற்று மதத்தவர் உள்ளே போக முடியாதென்பதால் சுவரில் துளையிட்டு, அதன் வழியே வேதநாயகி அம்மனைப் பார்ப்பாராம். அவர் மதம் மாறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துளை வழியே தெரிந்தவரை அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

எனக்கு வேலை ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது. யார் கணக்கில் எழுதுவது என்று இன்றைக்கும் குழப்பம்தான். அமுச்சி இருந்திருந்தால், “பரிச்சையுந்தான் எழுதுனயில்ல கண்ணு” என்றிருப்பார்.