அகராதி இருக்க, ஒலிநாடா எதற்கு?

கேள்வி: அழிந்துவரும் மொழிகளைப் பேசவைத்துப் பதிவு செய்து, காப்பகத்தில் சேர்க்கிறார்களே, அதனால் யாருக்கு என்ன பயன்? நல்ல அகராதி போதாதா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: போதாது. பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடி மொழியான ஹவாய் மொழியே அதற்குச் சாட்சி. எழுத்துக்கு அங்கே பஞ்சமில்லை. 1834 முதல் 1948 வரை அந்த மொழியில் செய்தித்தாள்கள் வந்தன. லட்சம் பக்கங்களுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. மேரி கவேனா புகுயியும் மொழியியலாளர் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த அகராதி 1957இல் வெளிவந்தது. ஆனால் 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தபின், வீட்டுப் பேச்சு தலைமுறைக்குத் தலைமுறை வற்றிக்கொண்டே போனது.

அந்தப் பழைய செய்தித்தாள்களில், தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் மெய்யொலியையும் உயிரின் நீட்டத்தையும் பெரும்பாலும் குறிக்கவில்லை. பேசத் தெரிந்தவர்களுக்காக எழுதியது, குறி எதற்கு? அகராதி இந்தக் குறையைச் சொல் சொல்லாகத் தீர்க்கும். ஆனால் வாக்கியம் எங்கே ஏறும், எங்கே மூச்சு வாங்கும், பெரியவர் சொன்னதை மறுக்கும்போது குரல் எப்படித் தணியும் என்பதற்கெல்லாம் அகராதியில் இடமில்லை.

1972இல் ஹவாய் மொழி ஆசிரியர் லாரி கிமுரா, தலைநகர் ஹொனலுலுவின் வானொலியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த முதியவர்களை அழைத்துவந்து, ஹவாய் மொழியிலேயே உரையாடல். நேயர்களும் தொலைபேசியில் பேசுவார்கள். 1988 வரை நடந்தது. அந்த நாடாக்கள் இன்று ஹிலோவிலுள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கனிஆயினா தொகுப்பில் இருக்கின்றன; இணையத்தில் கேட்கலாம். மொழி புரியாவிட்டாலும் கேளுங்கள். ஒருவர் பேசப் பேச மற்றவர் உம் கொட்டுவதிலேயே எத்தனை வகை!

1984இல் கவாயி தீவின் கெகாஹாவில் முதல் ஹவாய்மொழி மழலையர் பள்ளி திறந்தது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் கிமுராவும் ஒருவர். பின்னாளில் வந்த ஆசிரியர்களில் பலர் மொழியைக் கல்லூரியில் கற்றவர்கள். பாட்டி பேசக் கேட்டு வளராதவர்களுக்கு இந்த நாடாக்கள்தான் பாட்டி.

நாடாவைக் கணினிக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பும், பேச்சைக் கேட்டு எழுதிய படியும் இல்லையென்றால், வேண்டிய இடத்தை எப்படித் தேடிப் பிடிப்பது? ஒரு மணி நேரப் பேச்சை அப்படி எழுதிமுடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். மொழியில் ஊறியவரால்தான் முடியும். காப்பகங்கள் பணம் ஒதுக்கும்போது அவர்களுடைய சம்பளத்தை முதலில் ஒதுக்க வேண்டும்.